படை உடுப்பின் கையில் உள்ள கோடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராணுவப் படங்கள், சின்னங்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் பித்து. அது வெளியே தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்குக் கைபேசியை நீட்டி, "இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள்தான் வேறு வேறு, கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முன்னால், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

ராணுவ உடுப்புல கையில கோடு இருந்தா அது பதவிதானே?

பாதிதான் சரி. கையில் வரும் கோடு நான்கு விஷயங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லலாம்: பதவி, பணியில் கழித்த ஆண்டுகள், கடல் கடந்து போர்முனையில் இருந்த காலம், உடம்பில் பட்ட காயம். இந்த நான்கும் ஒரே மாதிரித் துணியில், சில சமயம் ஒரே நிறத்தில்கூட வரும்.

அதனால் யார் படத்தை நீட்டினாலும் நான் முதலில் சொல்வது, எண்ணாதீர்கள், எங்கே தைத்திருக்கிறது என்று பாருங்கள். முழங்கைக்கு மேலா, கீழா? வலக்கையா, இடக்கையா? கூர் வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா? எந்த நாட்டுப் படை, எந்தக் காலம்? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எண்ணிக்கைக்கு மதிப்பு.

'வி' எழுத்து மாதிரி இருக்கே, அதுக்கு என்ன பேர்? ஏன் அந்த வடிவம்?

செவ்ரான் என்பார்கள். பிரெஞ்சுச் சொல். வீட்டுக் கூரையில் இரண்டு பக்கமும் சரிந்து உச்சியில் சேரும் கைமரங்களுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். ஐரோப்பியப் பிரபுக்களின் கேடயங்களில் குலச் சின்னமாக வரைந்து வந்த வடிவம், அங்கிருந்து படை உடுப்புக்கு வந்து சேர்ந்தது. பேச்சு வழக்கில் 'பட்டை' என்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

பிரான்ஸில் 1771-லேயே இதைக் கையில் தைத்தார்கள். ஆனால் பதவிக்காக அல்ல. எட்டு ஆண்டு பணி செய்த சிப்பாய்க்கு ஒரு பட்டை, பதினாறு ஆண்டுக்கு இரண்டு, இருபத்து நான்கு ஆண்டு முடித்தவருக்குப் பட்டைக்குப் பதிலாக மார்பில் ஒரு பதக்கம். ஆகப் பட்டை பிறந்தபோதே அனுபவக் கணக்காகத்தான் பிறந்தது. பதவிக்கு அதைக் கடன் வாங்கியது பிரிட்டிஷ் ராணுவம், 1802-இல். அதற்கு முன் தோளில் தொங்கும் கயிறு, இடுப்பில் கட்டும் துணி என்று பலவகையில் அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பட்டை, ரெண்டு பட்டை, மூணு பட்டைன்னா யார் யாரு?

பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றும் ராணுவங்களில் மேல்கையில், கூர் கீழே பார்க்க, ஒரு பட்டை என்றால் லான்ஸ் கார்ப்பரல், இரண்டு என்றால் கார்ப்பரல், மூன்று என்றால் சார்ஜெண்ட். இந்திய ராணுவத்தில் அதே வரிசை லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று போகும். பட்டை எதுவும் இல்லாதவர் சாதாரணச் சிப்பாய். சார்ஜெண்டுக்கு மேலே போனால் பட்டையோடு கிரீடம் சேரும், இன்னும் மேலே போனால் பட்டையே மறைந்து வேறு சின்னம் வரும்.

அமெரிக்க ராணுவம் இன்னொரு வழியில் போனது. மூன்று பட்டை வந்தவுடன் அதற்குமேல் பட்டையைக் கூட்டாமல், அடியில் தொட்டில் போல வளைந்த வில்களைச் சேர்க்கிறார்கள். மூன்று பட்டையோடு ஒரு வில் என்றால் ஸ்டாஃப் சார்ஜெண்ட், மூன்று வில் என்றால் மாஸ்டர் சார்ஜெண்ட். அதே மாஸ்டர் சார்ஜெண்ட் சின்னத்தின் நடுவே ஒரு சாய்சதுரம் இருந்தால் அவர் ஃபர்ஸ்ட் சார்ஜெண்ட், கம்பெனி என்ற படைப்பிரிவின் அன்றாடத்தையே நடத்துகிறவர்.

சில படையில 'வி' தலைகீழா இருக்கே, தையல்காரர் மாத்தித் தச்சுட்டாரா?

இல்லை, நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. அமெரிக்க ராணுவத்தில் கூர் மேலே, பிரிட்டிஷ் ராணுவத்தில் கீழே. அமெரிக்கர்களும் தங்கள் உள்நாட்டுப் போர்க் காலத்தில் கீழ்நோக்கித்தான் அணிந்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டையைச் சிறியதாக்கி, கூர்முனையையும் மேலே திருப்பினார்கள். எந்தத் திசை சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை.

ஆனால் ஒரே நாட்டு உடுப்பில் திசை மாறினால் உஷாராக வேண்டும். பிரிட்டிஷ் உடுப்பில் மேல்கையில் கீழ்நோக்கிய பட்டை என்றால் பதவி. முன்கையில் மேல்நோக்கிய பட்டை என்றால் விஷயமே வேறு. அதைக் கீழே ஆண்டுக் கணக்குக் கேள்வியில் சொல்கிறேன்.

மூணு பட்டைக்காரர் பெரியவரா, தோள்ல ஒரே ஒரு நட்சத்திரம் வச்சவர் பெரியவரா?

சட்டப்படி நட்சத்திரக்காரர். அவர் கமிஷன், அதாவது அரசின் நியமன ஆணை, பெற்ற அதிகாரி, மூன்று பட்டைக்காரர் சிப்பாய் வரிசையிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர். இரண்டும் வேறு வேறு ஏணிகள். ஒரு ஏணியின் மூன்றாம் படியையும் இன்னொரு ஏணியின் முதல் படியையும் எண்ணிக்கையால் ஒப்பிட முடியாது. இந்திய ராணுவத்தில் இரண்டுக்கும் நடுவே நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று தனியாக ஒரு வரிசையே உண்டு. அவர்களுடைய சின்னமும் தோளுக்குப் போய்விடும்.

நேற்று வந்த இளம் லெப்டினன்ட், இருபது வருஷம் கண்ட ஹவில்தாரிடம் எந்தத் தொனியில் பேசுவார் என்பது தனிக் கதை. அதைச் சொல்ல எந்தச் சின்னமும் கிடையாது.

கப்பற்படை அதிகாரிக்குக் கையைச் சுத்தி வளையம் வளையமா இருக்கே, அதை எப்படி எண்ணணும்?

கப்பற்படையில் எண்ணிக்கை ஓரளவு நம்பத்தக்கது. பிரிட்டிஷ் வழிவந்த கப்பற்படைகளில் கறுப்பு உடுப்பின் மணிக்கட்டுப் பக்கம் தங்கச் சரிகை வளையங்கள் இருக்கும். ஒன்று சப்-லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கமாண்டர், நான்கு கேப்டன். அதற்குமேல் வளையம் கூடுவதில்லை, அகலமாகிறது. ஒரே ஒரு அகலப் பட்டை கொமடோர். அகலப் பட்டைக்கு மேல் ஒரு சாதாரண வளையம் ரியர் அட்மிரல், இரண்டு வைஸ் அட்மிரல், மூன்று அட்மிரல். ஆகவே 'ஒரு வளையம்' என்று யாராவது சொன்னால் ஒல்லியா அகலமா என்று கேளுங்கள். பையனா கொமடோரா என்பது அதில்தான் இருக்கிறது.

இந்த முறை 1856-இல் வந்தது. அப்போது கேப்டனுக்கு மூன்று வளையம்தான், லெப்டினன்டுக்கு ஒன்று. 1861-இல் அடியில் சப்-லெப்டினன்ட் என்ற படியை நுழைத்ததும் எல்லாரும் ஒவ்வொரு வளையம் மேலே ஏறினார்கள். இந்தக் காரணத்தால் 1850-களின் ஓவியங்களை இன்றைய கணக்கில் படித்தால் ஒரு பதவி குறைத்துச் சொல்லிவிடுவோம்.

ரெண்டு தடி வளையத்துக்கு நடுவுல ஒரு ஒல்லிக் கோடு தெரியுது. அது தேய்ஞ்சு போனதா?

தேயவில்லை, அது அரை வளையம். 'இரண்டரை' என்று சொல்வார்கள். லெப்டினன்ட்டாகவே எட்டு ஆண்டு காத்திருந்தவர்களைப் புதியவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட, 1877-இல் இந்த ஒல்லி வளையத்தைக் கொடுத்தார்கள். அப்போது அது தனிப் பதவி அல்ல. லெப்டினன்ட் கமாண்டர் என்ற பதவிப் பெயர் 1914-இல்தான் வந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கையில் சின்னம் இருந்தது, வாயில் பெயர் இல்லை.

மேல் வளையத்துல ஒரு சுழி இருக்கே, அது ஒரு கை போன நெல்சன் ஞாபகமா வச்சதாமே?

அழகான கதை, காலக்கணக்குதான் உதைக்கிறது. பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் வலக்கையை இழந்தது 1797-இல், இறந்தது 1805-இல். சுழி உடுப்புக்கு வந்தது 1856-இல். அரை நூற்றாண்டு கழித்து நினைவு கூர்ந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்னொரு கதை, கிரிமியப் போரில் கையில் காயம்பட்ட எலியட் என்ற கேப்டனின் நினைவாக வந்தது என்கிறது. சுழிக்கு 'எலியட் கண்' என்ற செல்லப்பெயர் இருப்பது உண்மை. ஆனால் தடித்த கப்பல் கயிற்றின் முனையில் பின்னும் கண்ணிக்கும் அதே பெயர்தான், சுழியைப் பார்த்தால் அந்தக் கண்ணி மாதிரியேதான் இருக்கிறது. நான் கயிற்றுப் பக்கம் சாய்கிறேன்.

கதைகளைவிடச் சுவாரசியம், சுழி யாருக்கு இல்லாமல் இருந்தது என்பது. வெகுகாலம் அது கப்பலைச் செலுத்திப் போர் நடத்தும் பிரிவுக்கு மட்டுமே உரியது. இன்ஜினியர், மருத்துவர், கணக்கு அதிகாரி ஆகியோருக்கு வெறும் வளையம்தான். கப்பல் நீராவிக்கு மாறி, இன்ஜினியர் இல்லாமல் ஒரு அடி நகராது என்ற நிலை வந்த பிறகும் அந்தச் சின்னச் சுழியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இன்ஜினியர்களுக்கு 1915-இலும், மற்றவர்களுக்கு 1918-இலும்தான் கிடைத்தது. கனடா 1968-இல் முப்படையையும் ஒன்றாக்கியபோது சுழியை எடுத்துவிட்டது. கப்பற்படை நூற்றாண்டையொட்டி 2010-இல் திரும்பக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கப்பற்படையில் சுழி கிடையாது. வளையங்களுக்கு மேலே, போர்ப்பிரிவு அதிகாரிக்கு ஒரு நட்சத்திரம், மற்றப் பிரிவினருக்கு அவரவர் சின்னம்.

வளையங்களுக்கு நடுவுல ஊதாத் துணி இருந்தா டைட்டானிக் இன்ஜினியர்களுக்கு மரியாதைன்னு சொல்றாங்களே?

இதைக் கப்பலில் வேலை செய்பவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் இன்ஜினியர் அதிகாரிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கடைசிவரை கீழே இருந்து விளக்கு எரிய வைத்தார்கள். அதுவரை உண்மை. அதற்காக அரசர் ஊதா நிறத்தை அளித்தார் என்பதுதான் பின்னால் ஒட்டிக்கொண்டது. பிரிட்டிஷ் கப்பற்படையில் பிரிவைக் காட்டும் வண்ணத் துணி 1860-களிலேயே வந்துவிட்டது. அப்போதே இன்ஜினியருக்கு ஊதா, மருத்துவருக்குச் சிவப்பு, கணக்கு அதிகாரிக்கு வெள்ளை. வணிகக் கப்பல்கள் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன.

பிரிட்டிஷ் கப்பற்படை 1955-இல் பெரும்பாலான வண்ணங்களைக் கைவிட்டு மருத்துவப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டது. வணிகக் கப்பல்களில் ஊதா இன்றும் இருக்கிறது.

அலை அலையா நெளிஞ்ச வளையம் ஒரு படத்துல பார்த்தேன். அது என்ன?

பிரிட்டிஷ் தன்னார்வ ரிசர்வ் அதிகாரி. வக்கீல், வங்கி ஊழியர், ஆசிரியர் என்று வேறு தொழிலில் இருந்து போருக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நெளிந்த வளையம். வணிகக் கப்பலில் இருந்து வந்த ரிசர்வ் அதிகாரிகளுக்கு இரண்டு இழை பின்னினாற்போன்ற வளையம். நிரந்தரப் படையினருக்கு மட்டுமே நேர் வளையம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில், 1950-களின் தொடக்கத்தில் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். ஆகவே நெளிந்த வளையம் இருந்தால் படத்தின் காலத்தையும் சேர்த்தே கணித்துவிடலாம். அதே மாதிரி நீல வளையமும், சுழிக்குப் பதில் சாய்சதுரமும் இருந்தால் அவர் பிரிட்டிஷ் பெண்கள் கப்பற்படைப் பிரிவின் அதிகாரி. அந்தப் பிரிவு 1993-இல் பொதுக் கப்பற்படையோடு சேர்ந்துவிட்டது.

அதே அதிகாரி வெள்ளை உடுப்புல நிக்கறப்போ கையில வளையமே இல்லையே, பதவி போயிடுச்சா?

பதவி தோளுக்கு ஏறிவிட்டது. வெள்ளை உடுப்பை அடிக்கடி வெளுக்க வேண்டும். சரிகையைக் கையிலேயே தைத்து வைத்தால் நாலு தடவை துவைப்பதற்குள் பாழாகும். அதனால் கழற்றி மாட்டும் தோள்பட்டைப் பலகையில் அதே வளையங்களை வைக்கிறார்கள். கறுப்பு உடுப்பில் கை, வெள்ளையில் தோள். கணக்கு மாறாது.

விமானப்படைக்கும் பயணிகள் விமான பைலட்டுக்கும் ஏன் கப்பற்படை மாதிரியே கோடு?

பிரிட்டிஷ் விமானப்படை 1918 ஏப்ரல் 1-இல் ராணுவ, கப்பற்படை விமானப் பிரிவுகளைச் சேர்த்து உருவானது. அதன் அதிகாரிகளுக்கு வளையம் கப்பற்படையிலிருந்து வந்தது, சுழியில்லாமல், வெளிர்நீல நிறத்தில். லெப்டினன்டுக்கு இணையான ஃப்ளைட் லெப்டினன்டுக்கு இரண்டு, ஸ்குவாட்ரன் லீடருக்கு மேலே சொன்ன அதே இரண்டரை, விங் கமாண்டருக்கு மூன்று, குரூப் கேப்டனுக்கு நான்கு. இந்திய விமானப்படையும் இந்த வழியே.

பயணிகள் விமானத்தில் நான்கு கோடு கேப்டன், மூன்று கோடு துணை விமானி. இதை 1930-களில் பரப்பியது பான் ஆம் நிறுவனம். நீரில் இறங்கும் பறக்கும் படகுகளை ஓட்டிய அதன் விமானிகளுக்குக் கப்பல் அதிகாரி தோற்றம் தந்தால் பயணிகளுக்கு நம்பிக்கை வரும் என்பது கணக்கு. அது ராணுவப் பதவி அல்ல, நிறுவனம் தரும் பொறுப்பு மட்டுமே.

முன்கையில சாய்வா நாலஞ்சு கோடு இருக்கே, அது வருஷக் கணக்கா?

ஆம், பெரும்பாலும். ஆனால் ஒரு கோட்டுக்கு எத்தனை ஆண்டு என்பது படைக்குப் படை மாறும். அமெரிக்க ராணுவத்தில் இடது முன்கையில் சாய்ந்த ஒவ்வொரு கோடும் மூன்று ஆண்டு. கப்பற்படையிலும் மரைன் படையிலும் நான்கு ஆண்டு. ஆகவே ஐந்து கோடு ராணுவத்தில் குறைந்தது பதினைந்து ஆண்டு, கப்பற்படையில் குறைந்தது இருபது. அமெரிக்க விமானப்படையில் இந்தக் கோடே கிடையாது. அங்கே முன்கை காலியாக இருப்பதை வைத்துப் புது ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கோடுகள் அதிகாரிகளுக்கு இல்லை, சிப்பாய் வரிசைக்கு மட்டும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் 1836 முதல் நன்னடத்தைப் பட்டை என்று ஒன்று இருந்தது. குற்றம் குறை இல்லாமல் இத்தனை ஆண்டு ஓட்டினால் ஒரு பட்டை, அதோடு நாளொன்றுக்கு ஒரு பென்னி கூடுதல் சம்பளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அது இடது முன்கையில், கூர் மேலே பார்க்க இருந்தது. வேடிக்கை என்னவென்றால், கார்ப்பரல் ஆகிவிட்டால் அதை அணியக் கூடாது. ஆக முன்கையில் நான்கு பட்டையோடு நிற்கும் நரைமீசைக்காரர் யாரென்றால், ஒழுங்காக இருந்தும் பதவி உயர்வே காணாத சாதாரணச் சிப்பாய். அவரை 'நான்கு பட்டை, பெரிய அதிகாரி' என்று பலர் படத்தின் கீழே எழுதிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் கப்பற்படை மாலுமிக்கு நன்னடத்தைப் பட்டை இடது மேல்கையில், கூர் கீழே பார்க்க. ராணுவக் கண்ணால் பார்த்தால் அச்சு அசல் சார்ஜெண்ட்! இன்றைய கணக்கில் நான்கு, எட்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒவ்வொன்று, மூன்றோடு சரி.

முதல் உலகப் போர்ப் படத்துல வலது முன்கையில சின்னச் சின்னதா 'வி' நாலு இருக்கு. அதுவும் நன்னடத்தையா?

பிரிட்டிஷ் உடுப்பாக இருந்தால் அது வெளிநாட்டுப் பணிப் பட்டை. நன்னடத்தைக்கு இடக்கை, இதற்கு வலக்கை. இரண்டுக்கும் கூர் மேலே. போரின் கடைசிக் கட்டத்தில், 1918 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 1914 டிசம்பர் 31-க்குள் கடல் கடந்து போனவருக்கு முதல் பட்டை சிவப்பு. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நீலம். அடியில் ஒரு சிவப்பு இருந்தால் அவர் போரின் முதல் சில மாதங்களிலேயே போய்விட்டவர்.

அமெரிக்கர்கள் ஆண்டுக்குப் பதில் ஆறு மாதம் வைத்தார்கள். வெளிநாட்டில் கழித்த ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் இடது முன்கையில் ஒரு தங்கப் பட்டை. ஆறு மாதம் முடியாதவருக்கு வெளிர்நீலப் பட்டை. உள்நாட்டிலேயே பணி செய்தவருக்கு வெள்ளிப் பட்டை, அதுவும் ஒரு சேவைதானே. இப்போதைய அமெரிக்க ராணுவ உடுப்பில் இந்த ஆறு மாதக் கணக்கு வலது முன்கையில், படுக்கையான சிறு கோடுகளாக இருக்கிறது.

காயம் பட்டவங்களுக்கும் கோடு உண்டாமே?

உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1916-இல் கொண்டுவந்தது. இடது முன்கையில், நிமிர்ந்து நிற்கும் இரண்டு அங்குலத் தங்கச் சரிகைக் கோடு. ஒவ்வொரு முறை காயம் படும்போதும் இன்னொன்று சேரும். 1944-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, முந்தைய போர்களில் காயம் பட்டவருக்கு ஒரு சிவப்புக் கோடும் கொடுத்தார்கள்.

மேலே சொன்ன இடம்தான் முக்கியம் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. முதல் உலகப் போர் அமெரிக்க உடுப்பில் காயப் பட்டையும் வெளிநாட்டுப் பட்டையும் ஒன்றேதான். அதே தங்க நிறம், அதே 'வி'. இடது முன்கையில் தைத்தால் ஆறு மாதம், வலது முன்கையில் தைத்தால் ஒரு காயம். பிரெஞ்சுக்காரர்களும் 1916-இலிருந்து அப்படியே, இடக்கை போர்முனைக் காலம், வலக்கை காயம். சோவியத் ராணுவம் 1942-இல் காயக் கோட்டைக் கையிலிருந்தே எடுத்து வலது மார்பில் வைத்தது. லேசான காயத்துக்கு அடர்சிவப்பு, கடுங்காயத்துக்குப் பொன்மஞ்சள். அமெரிக்காவில் 1932-இல் பர்ப்பிள் ஹார்ட் பதக்கமும், கனடாவில் 2008-இல் தியாகப் பதக்கமும் வந்து காயக் கோட்டின் இடத்தை எடுத்துக்கொண்டன.

நாலு பட்டை, முன்கையில, தலைகீழா, மேல ஒரு மத்தளம். இவர் சார்ஜெண்டுக்கு அதிகாரியா?

அவர் டிரம் மேஜர், பேண்ட் வாத்தியக் குழுவின் முன்னால் கோல் சுழற்றிப் போகிறவர். நான்கு பட்டை அவர் செய்யும் வேலையின் சின்னம், அவருடைய பதவியை அது சொல்லாது. இதே போல ஜெர்மன் ராணுவத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இரு கைகளிலும் இரண்டு வளையம் போட்டவரைப் பார்த்துக் கப்பற்படை என்று மயங்குவார்கள். அவர் கம்பெனியின் தலைமை சார்ஜெண்ட். சிப்பாய்கள் அந்த வளையங்களுக்குக் கேலியாக 'பிஸ்டன் வளையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவும் வேலைக்கான அடையாளம்தான்.

பிரிட்டிஷ் அரண்மனைக் காவல் படைகள் இன்னொரு கண்ணிவெடி. கார்டுஸ் காலாட்படையில் லான்ஸ் கார்ப்பரலுக்கே இரண்டு பட்டை, லான்ஸ் சார்ஜெண்டுக்கு மூன்று. அரசக் குதிரைப்படையில் சார்ஜெண்ட் என்ற சொல்லே கிடையாது. மூன்று பட்டையும் கிரீடமும் வைத்தவரைக் 'குதிரைப்படைக் கார்ப்பரல்' என்பார்கள். 'சார்ஜெண்ட்' என்ற சொல்லின் லத்தீன் வேர் 'வேலையாள்' என்று பொருள்படுவதால் கனவான்கள் ஒதுக்கினார்கள் என்று காரணம் சொல்வதுண்டு.

இப்போ சண்டைக்குப் போறவங்க கையில எதுவும் காணோமே?

குறிவைப்பவனுக்கு அடையாளம் காட்டக் கூடாது என்பதுதான் காரணம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பதவியை மணிக்கட்டில் சரிகையும் நட்சத்திரமுமாக வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் கையைப் பார்த்து அதிகாரியைத் தேர்ந்தெடுத்துச் சுட்டார்கள். பலர் விதியை மீறித் தாங்களே சின்னத்தைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்படிச் செய்த உடுப்புக்குப் 'பயந்தாங்கொள்ளி உடுப்பு' என்ற பொருளில் ஒரு கேலிப்பெயரும் இருந்தது. 1917-இல் அனுமதி வந்தது, 1920-இல் மணிக்கட்டுச் சின்னம் ஒழிந்தது.

இன்றைய போர் உடுப்பில் பிரிட்டனும் அமெரிக்காவும் மங்கிய நிறத்தில் ஒரே சின்னத்தை மார்பின் நடுவில் வைக்கின்றன. நேருக்கு நேர் நிற்பவருக்குத்தான் தெரியும். கையில் நிறையக் கோடு தெரிந்தால் அது அணிவகுப்பு உடுப்பு.

கறுப்பு வெள்ளைப் படத்துல நிறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிவப்பா நீலமான்னு தெரியலையே.

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், கண்ணை நம்பக் கூடாத இடம். அந்தக் காலத்துப் படச்சுருள் பலவும் சிவப்பு ஒளியை உணராது, நீலத்தை மிகையாக உணரும். அதனால் சிவப்புத் துணி கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலத் துணி வெளிறியும் விழும். 1918-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் படத்தில் வலது முன்கையில் ஒரு பட்டை இருண்டும் மற்றவை வெளுத்தும் இருந்தால், இருண்டதுதான் சிவப்பாக இருக்க வாய்ப்பு. பலர் இதை நேர்மாறாகப் படிக்கிறார்கள்.

இன்னொரு பொறி, படமே இடவலம் மாறி அச்சாகியிருப்பது. கண்ணாடித் தகட்டைப் புரட்டி அச்சிட்டால் இடக்கை வலக்கையாகிவிடும், ஆறு மாதம் காயமாகிவிடும். ஆண்கள் உடுப்பில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து பொத்தான் போடும். படத்தில் அது மாறியிருந்தாலோ, தொப்பிச் சின்னத்தில் எழுத்து தலைமாறித் தெரிந்தாலோ, படத்தை முதலில் திருப்பிப் போட்டுவிட்டுப் பிறகு கோடுகளைப் பாருங்கள். எனக்கு வந்த படங்களில் இப்படிப் புரண்ட ஒன்றை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, இரண்டு காயம் பட்டவர் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். பொத்தானை மறுநாள்தான் பார்த்தேன்.